தினமும் ஒரு மாத்திரை

தூத்துக்குடி மாநகரம் முத்தையாபுரத்தில் சொந்த வீடு உடையவரும், கனரக வாகன உரிமம் பெற்று இந்த ஊர் உப்பை ஆந்திரம், ஒரிசா தேசங்கள் வரை முப்பதாண்டு காலம் கொண்டு சேர்த்தவரும், காலஞ்சென்ற பெரியசாமி அவர்களின் மூத்த குமாரருமாகிய திரு. பெ. ஐகோர்ட்துரை அவர்கள், வயது எழுபத்திரண்டு, அன்று காலை அரசு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், சிறு அறுவைச் சிகிச்சைக் கூடத்தின் கதவுக்கு எதிரே கிடந்த இரும்பு பெஞ்சில், தம் மனைவியின் மூக்குத்தியைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பெயரைக் கேட்டதும் சிரிக்கிறவர்கள் உண்டு. குலதெய்வமாகிய ஐகோர்ட் மகாராஜாவின் பெயரைத் தகப்பனார் இட்டது என்பதையும், அந்தத் தெய்வத்தின் முன்னால் நின்று பொய் சொல்ல எவனுக்கும் நா எழாது என்பதையும் அவர் எடுத்துரைத்த பிறகு சிரிப்பு அடங்கிவிடும். ஆனால் இன்றைக்கு அந்த முன்னுரையெல்லாம் எவருக்கும் தேவைப்படவில்லை. உள்ளே போன நர்ஸ் திரும்பி வந்து, "தங்கபுஷ்பம் கூட வந்த அட்டெண்டர் யாரு? தாத்தா நீங்களா? இதைப் பத்திரமா வச்சுக்கோங்க" என்று ஒற்றைக்கல் மூக்குத்தியை அவர் உள்ளங்கையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். கல்லில் தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்தது. திருமணத்தன்று ஏறியது, இறங்கவே மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறது போலும். எண்ணெய் விட்டு விட்டுத் திருகியிருக்கிறார்கள். அந்த மூக்குத்தி இல்லாத அவள் முகத்தை அவர் இதுநாள்வரை கண்டதில்லை. இப்போது கதவுக்கு அப்பால் யார் யாரோ கண்டுகொண்டிருக்கிறார்கள். தாம் காணாத ஒன்றைப் பிறர் காண்கிறார்கள் என்ற எண்ணம், கடைவாயில் சிக்கிய பாக்குத் துணுக்கைப் போல, நாவால் எத்தனை முறை நெம்பினாலும் வெளிவராமல் உறுத்தியது. நாலு வருஷத்துக்கு முன் மூக்கின் இடது மடிப்பில், கடுகளவில் கறுப்பாக ஒரு பொட்டு எழுந்தபோது, "இந்த வயசுல மச்சம் வருதுன்னா யோகம்ட்டி" என்று சொன்னவர் அவர்தாம். கடுகு மிளகாயிற்று. மிளகின் ஓரத்தில் முத்துப்போல ஒரு மினுக்கம் கண்டது. துண்டால் முகம் துடைக்கும்போது சில நாள் ரத்தம் கசிந்தது. அப்போதுங்கூட, அந்த மினுக்கத்தை அவர் ரசித்தாரே தவிர அஞ்சவில்லை. திருப்பூரிலிருந்து வந்த இளைய மகள் பார்த்துவிட்டு, "இது மச்சமாப்பா? கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று கத்தி, தாயை இழுத்துக்கொண்டு போய்த் தோல் டாக்டரிடம் உட்கார்த்தினாள். தோல் புற்று என்றார்கள். மெதுவாக வளர்கிற வகை, வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். புற்று என்ற சொல்லைக் கேட்டு எவனுக்கும் குலை நடுங்கத்தான் செய்யும். அவருக்கும் நடுங்கியது. ஆனால் அந்த நடுக்கம் அரை நிமிஷங்கூட நீடிக்கவில்லை. அதற்குள் வேறொரு சொல் வந்து அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

அந்தச் சொல் 'தினமும்' என்பது. போன வாரம், இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், இளம்பெண்ணாகிய டாக்டர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு போனாள். என்ன வேலை பார்த்தீர்கள், உப்பளத்து வேலை, எத்தனை வருஷம், அது கிடக்கு முப்பது வருஷம். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா. பிறகு, தலையை நிமிர்த்தாமலே, "குடும்பக் கட்டுப்பாடு மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களாம்மா?" வெளியாட்கள் எது கேட்டாலும் பதில் சொல்வது அந்த வீட்டில் ஐகோர்ட்துரையின் பொறுப்பு. "அதெல்லாம் இல்..." என்று அவர் தொடங்கியபோது, பக்கத்திலிருந்து தங்கபுஷ்பத்தின் குரல் வந்தது: "சாப்பிட்டிருக்கேன் தாயி. ஒன்பது வருஷம்." டாக்டர் கேட்டாள், "விட்டு விட்டா, தொடர்ந்தா?" அவள் சொன்னாள், "தினமும். ஒருநாள் தப்ப விட்டதில்ல." ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை என்று சொல்லுகிற அதே பெருமிதத்தோடு சொன்னாள். டாக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். ஐகோர்ட்துரை போகவில்லை. இன்றுவரை அங்கேயே நிற்கிறார். தினமும். அவர் வீட்டுக்கு வந்து போன லட்சணந்தான் என்ன? நாற்பது நாளைக்கு ஒரு தரம், ஐம்பது நாளைக்கு ஒரு தரம், வந்தால் இரண்டு ராத்திரி, மூன்றாம் நாள் லோடு ஏற்றியாயிற்று என்று கிளீனர் வந்து கதவைத் தட்டுவான். மிச்ச நாளெல்லாம் வீட்டில் அவளும் இரண்டு பெண் குழந்தைகளும். அப்படியிருக்க, தினமும் எதற்கு? வண்டியை மேட்டில் நிறுத்தினால் பின் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார்கள். வண்டியே இல்லாத வெற்று ரோட்டில் எவனாவது தினமும் கட்டை வைப்பானா? வைத்தால், அந்த ரோட்டில் வேறு ஏதோ ஒரு வண்டி வந்து நின்றிருக்கிறது என்றுதானே பொருள்? இந்த நியாயம் அவருக்கு அத்தனை தெளிவாகப் பட்டது. பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர்தாம். ஆயினும் பொட்டலம் கட்டி வந்த காகிதத்திலிருந்து நூலகத்துத் தடித்த புத்தகம் வரை, அச்சில் ஏறிய எதையும் வாசிக்காமல் விட்டதில்லை. தெருவில் எவர் வீட்டு மனுவும் அவர் கையெழுத்தில்தான் கலெக்டர் ஆபீஸுக்குப் போகும். ஆகவே மறுநாளே நூலகத்துக்குப் போய், பழைய வார இதழ்களைக் கிளறி, கருத்தடை மாத்திரையும் பெண்களுக்கு வரும் தோல் புற்றும் என்ற கட்டுரை ஒன்றைத் தேடிப் பிடித்து, நின்றபடியே இருமுறை படித்தார். சில ஆய்வுகளில் லேசான தொடர்பு தென்படுகிறது என்றது ஒரு பத்தி. பெரும்பாலான ஆய்வுகளில் தொடர்பு ஏதும் தென்படவில்லை என்றது அடுத்த பத்தி. மேலும் ஆராய வேண்டும் என்று முடிந்தது. அந்த இரண்டு பத்திகளில் அவர் முதலாவதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எவனுக்காகவோ விழுங்கிய மாத்திரை, எத்தனையோ ஆண்டு உடம்புக்குள் ஒளிந்திருந்து, கடைசியில் முகத்திலேயே, மூக்குத்திக்குப் பக்கத்திலேயே, எல்லாரும் பார்க்கும்படி எழுந்து நிற்கிறது. அதைப் போய் யோகம் என்று சொன்னேனே! மச்சம் என்று கொஞ்சினேனே!

எவன் என்ற கேள்விக்கு அவர் அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. சுயம்பு. உப்பளத்துக் கங்காணி சுயம்பு. மெல்லிய மீசை, வெள்ளை முழுக்கைச் சட்டை, உப்புப் பாத்தி வரப்பில் விழாமல் சைக்கிள் ஓட்டுகிற வித்தை, எந்நேரமும் உதட்டில் ஒரு சீட்டி. பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான், தங்கச்சி என்பான். அந்தத் 'தங்கச்சி' என்ற அழைப்புதான் ஐகோர்ட்துரைக்கு ஆகவே ஆகாது. சொந்தத் தங்கச்சிகளுக்குக் கொடுப்பதற்கு இல்லாதவன் எதற்கு ஊரார் பெண்டாட்டிக்குத் தொப்பி கொடுக்கிறான்? ஆம், தொப்பி. ஒருமுறை ஒரிசாவின் கட்டாக்கிலிருந்து வந்து இறங்கியபோது, வீட்டு ஆணியில் பனையோலைத் தொப்பி ஒன்று தொங்கியது. முறம்போல அகலம், ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாகச் சாயமிட்ட ஓலைப் பின்னல், தாடையில் முடிய ஒரு நாடா. யாருடையது என்றார். "சுயம்பு அண்ணாச்சி குடுத்தாக. அளத்துல எல்லாத்துக்கும்தான் குடுத்தாக, வெயிலுக்கு" என்றாள். எல்லாருக்குந்தானா என்று விசாரிக்க அவர் போகவில்லை. போய் விசாரிப்பது கௌரவத்துக்கு இழுக்கு. மாறாக, மூன்றாம் நாள் காலை, தொப்பியை ஆணியிலிருந்து எடுத்து, தெருமுனையில் நின்ற லாரியின் பின் சக்கரத்துக்கு முன்னால் போட்டு, வண்டியை எடுத்தார். ஓலை என்ன சத்தம் போட்டுவிடும்? அப்பளம் நொறுங்கினாற்போல ஒன்று. கண்ணாடியில் பார்த்தபோது தங்கபுஷ்பம் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. தலைத் துண்டை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்கு இறங்கிப் போனாள். ஏன் கேட்கவில்லை? குற்றமில்லாதவள் கேட்டிருக்க வேண்டாமா? அல்லது, குற்றமில்லாதவளானதால்தான் கேட்கவில்லையா? இந்த இடத்துக்கு வந்ததும் அவருடைய சிந்தனை, சேற்றில் புதைந்த சக்கரத்தைப்போல, நின்ற இடத்திலேயே சுழலும். சுயம்பு செத்துப் பல வருஷமாயிற்று. சாவு வீட்டுக்கு இருவரும் போனார்கள். தங்கபுஷ்பம் அழுதாள். அளத்துப் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். எல்லாரையும்விடக் கூடுதலாக அழுதாளா, எல்லாரையும்போல அழுதாளா, அல்லது கூடுதலாக வந்த அழுகையை எல்லாரையும்போல அடக்கி அழுதாளா? அன்றைக்கு அவர் கண்கொட்டாமல் பார்த்தும் பிடிபடவில்லை; இன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து எப்படிப் பிடிபடும்? செத்தவனிடம் எதைக் கேட்பது? செத்தவனை என்ன செய்வது? உயிரோடிருந்தால் வயதாகிப் பல்லுதிர்ந்திருப்பான், பார்த்துச் சமாதானமடைந்திருக்கலாம். செத்ததனால் அவன் அந்த மெல்லிய மீசையோடும் அந்தச் சைக்கிளோடும் அப்படியே நின்றுவிட்டான். இவருக்குத்தான் மூச்சிரைக்கிறது, முட்டி தேய்கிறது. இதற்குத்தான் அந்தக் காலத்திலேயே அவர் எச்சரிக்கையாயிருந்தார். இன்ன நாள் வருகிறேன் என்று ஒரு கடுதாசி போட்டதில்லை. ஊருக்குப் போகிற டிரைவர்களிடம் சொல்லி அனுப்பியதில்லை. லாரிக்காரனுக்கு ஏது கால அட்டவணை என்று வெளியே சொல்லிக்கொள்வார். உள்ளே இருந்த காரணம் வேறு. சொல்லாமல் போய் நின்றால்தான் வீடு உள்ளபடி தெரியும். பாதி ராத்திரியோ பட்டப்பகலோ, தெருமுக்கில் இரண்டு ஆரன். அந்த இரண்டு ஆரனுக்கும் கதவு திறப்பதற்கும் இடையிலுள்ள நேரத்தை அவர் மனத்துக்குள் எடைபோடுவார். ஒருநாளும் கூடுதலாயிருந்ததில்லை. அவள் எப்போதும் தூங்காமலிருந்தவள்போலவே கதவைத் திறப்பாள். அதை அப்போது பிரியம் என்று எடுத்துக்கொண்டார். இந்த எட்டு நாளாக அதையே வேறு விதமாக எடுத்துவைத்துப் பார்க்கிறார்: ஏன் தூங்காமலிருந்தாள்?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடுவயதுப் பெண் ஒருத்தி, மடியில் தூக்குவாளியோடு, "யாருக்குண்ணாச்சி, வீட்டுக்காரம்மாவுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். "பயப்படாதிய. எங்க மைனிக்கும் இதேதான், முதுகுல. எடுத்துட்டாக. இப்ப வாய் முன்னையவிட நீளம்" என்று தானே சிரித்துக்கொண்டாள். அவருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது, வந்த வழியே திருப்பி அனுப்பினார். பினாயில் நாற்றம் தொண்டையைக் கரித்தது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கடக்கென்று சொடுக்கியது. அந்தச் சொடுக்குக்கூட 'தினமும்' என்பதுபோலவே கேட்டது. இந்த எட்டு நாளாக அவர் மனைவியோடு பேசவில்லை. சோறு என்றால் தட்டை நகர்த்துவது, காபி என்றால் டம்ளரைத் தட்டுவது. அவளும் கேட்டுப் பார்த்தாள், "என்ன ஆச்சு உங்களுக்கு, நான் செத்துப் போவேன்னு பயமா?" அதற்கும் டம்ளரைத்தான் தட்டினார். ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தார். துணிப்பை ஒன்றில் இரண்டு வேட்டி, மூக்குக் கண்ணாடி, பென்ஷன் புத்தகம் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அவள் வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பது. பதில் ஒழுங்காக வரவில்லையென்றால், அவளை ஆட்டோவில் ஏற்றி மூத்த மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தாம் திருப்பூருக்குப் பஸ் ஏறுவது. அதன் பிறகு அந்த முகத்தைப் பார்ப்பதில்லை. எழுபத்திரண்டு வயதில் இது நகைப்புக்குரியது என்று அவருக்குத் தெரியாமலில்லை. புற்று வந்தவளைக் கட்டோடு நடுவழியில் விட்டுப் போகிறவனை ஊர் என்ன சொல்லும் என்பதும் தெரியும். ஆனால் ஊர் அந்தத் 'தினமும்' என்ற சொல்லைக் கேட்கவில்லையே. உள்ளேயிருந்து தட்டில் கருவி விழுகிற சத்தம் கேட்டது. வெட்டுகிறார்கள். அந்த முகத்தை வெட்டுகிறார்கள். வலிக்காமலிருக்க ஊசி போட்டிருப்பார்கள், ஆனால் அவளுக்குக் கேட்குமே, தன் தோல் அறுபடுகிற சத்தம் தனக்கே கேட்குமே. கண்ணை மூடியிருப்பாளா? யார் கையையாவது பிடித்துக்கொண்டிருப்பாளா? யார் கையை? அந்த நினைப்பிலிருந்து மறுபடி சுயம்புவுக்குப் போய்விட்டதைக் கண்டு அவருக்கே தம்மீது அருவருப்பாயிற்று. எந்த ரோட்டில் புறப்பட்டாலும் வண்டி அவன் வாசலில்தான் போய் நிற்கிறது. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மூக்குத்தி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. கல்லின் அடியில், தங்க வளையத்தில், அழுக்கா உப்பா என்று தெரியாத வெண்மை ஒன்று படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. வைக்கவில்லை. கதவு திறந்தது.

தங்கபுஷ்பம் நர்ஸின் தோளைப் பிடித்தபடி வந்தாள். மூக்கின் இடது பாதியையும் கன்னத்தையும் மூடி வெள்ளைக் கட்டு. அதற்கு மேலே கண் இரண்டும் எப்போதும்போலக் கூசிச் சுருங்கியிருந்தன. "கொஞ்ச நேரம் உட்கார வைங்க தாத்தா. டாக்டர் வந்து பேசுவாங்க" என்று சொல்லி நர்ஸ் போனாள். தூக்குவாளிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். தங்கபுஷ்பம் உட்கார்ந்தாள். வாயின் ஒரு பக்கத்தை மட்டும் அசைத்து, மூக்கடைத்த குரலில், "மூக்குத்தி எங்க?" என்று கேட்டாள். அவர் கைக்குட்டையைக் காட்டினார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, எட்டு நாளாக அடுக்கி வைத்திருந்த கேள்வியை எடுத்தார். அடுக்கின ஒழுங்கில் அது வரவில்லை. "ஏட்டி, அந்த மாத்திரை... அது யாருக்காகச் சாப்பிட்ட?" அவள் புரியாமல் பார்த்தாள். "எந்த மாத்திரை?" "ஒன்பது வருஷம் தினமும் சாப்பிட்டேன்னு டாக்டர்கிட்டச் சொன்னியே. நான் வாறது எப்பவோ ரெண்டு நாள். தினமும் எதுக்குச் சாப்பிடணும்?" அவள் இன்னும் பார்த்துக்கொண்டேயிருந்தாள். முதலில் கண்ணில் எதுவுமில்லை. பிறகு, உப்புப் பாத்தியில் மேல்தண்ணீர் வற்றி அடியிலுள்ள உப்புப் பூ தெரிவதுபோல, மெல்ல மெல்ல ஏதோ தெளிந்தது. "இதுக்குத்தான் எட்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தியளா? நான் என்னமோ நான் செத்துருவேன்னு வருத்தப்படுதியன்னுல்லா நினைச்சேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கி, தையல் இழுத்ததும் கையால் கட்டை அமுக்கிக்கொண்டாள்; வலியிலும் சிரிப்பிலும் கண்ணில் தண்ணீர் வந்தது. "அட கூறுகெட்ட மனுசா. ஊருக்கே மனு எழுதிக் குடுக்கிய, இது தெரியாதா? அதென்ன காய்ச்ச மாத்திரையா, வந்த அன்னைக்கு மட்டும் போட? தினமும் போட்டாத்தான் கேக்கும். விட்டு விட்டுப் போட்டா அம்புட்டும் வீண். மழை வாற அன்னைக்குத்தான் அளத்துல வரப்புக் கட்டுவாகளா? வெயில் காயுற அன்னைக்கும் கட்டித்தானே வைக்கணும்?" தூக்குவாளிப் பெண் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. தங்கபுஷ்பம் நிறுத்தவில்லை. "அதுவும் நீங்க எந்தக் காலத்துல சொல்லிட்டு வந்திருக்கிய? ஒரு கடுதாசி உண்டா? தெருமுக்குல ரெண்டு ஆரன், அம்புட்டுத்தான். இன்னைக்கு வருவாகளோ, நாளைக்கு வருவாகளோன்னு நான் என்னத்தக் கண்டேன்? பிள்ளையளத் தூங்க வச்சிட்டு, பானையக் கழுவிக் கவுத்திட்டு, ஒரு மாத்திரை. நீங்க வந்தாலும் மாத்திரை, வராட்டாலும் மாத்திரை." அவர் வாய், தம்மை அறியாமல், இன்னொன்று கேட்டது: "ஏன் எங்கிட்டச் சொல்லலை?" அவள் சிரிப்பு நின்றது. "சொன்னா விட்டிருப்பியளா? ஆம்பளப் பிள்ளை வேணும்னு திருச்செந்தூர்ல மொட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னிய. சின்னவ பிறக்கையில நான் செத்துப் பிழைச்சது உங்களுக்குத் தெரியுமா? நீங்க அப்ப ஒரிசாவுல நின்னிய. இன்னொன்னு பெத்தா உசுரு தங்காதுன்னு நர்சம்மாதான் மாத்திரை குடுத்தாக. பிறந்தா யாரு வளக்க, உங்க லாரியா?" பிறகு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் தலை சாய்த்தாள். "பேச வைக்காதிய. தையல் வலிக்கி. ஐகோர்ட்டு தீர்ப்பை எழுதிட்டுச் சொல்லுங்க, நான் ஒரு கண்ணு உறங்குதேன்."

அவர் கைக்குட்டையை மறுபடி முடிந்துகொண்டார். நிம்மதி வந்திருக்க வேண்டும்; வந்தது; ஆனால் வந்த நிம்மதி ஒற்றைக்காலில்தான் நின்றது. கட்டையல்ல, வரப்பு. எத்தனை எளிய விஷயம்! அச்சில் ஏறிய அத்தனையையும் படித்தவருக்கு இந்த ஒன்றை எவனும் அச்சிட்டுத் தரவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். சின்னவள் பிறந்த செய்தி கட்டாக்கில் தந்தியாக வந்ததும், பெண்தானா என்று தந்தியை மடித்துப் பையில் வைத்ததும் நினைவில் வந்தன. செத்துப் பிழைத்தாள் என்று தந்தியில் போடவில்லை, அவரும் இதுவரை கேட்கவில்லை. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது: அந்த ஒன்பது வருஷத்தின் ஒவ்வோர் இரவும் இந்தப் பெண்பிள்ளை ஒருவனை நினைத்து ஒரு மாத்திரை விழுங்கியிருக்கிறாள், இன்றைக்கு வருவான் என்று நினைத்து. அந்த ஒருவன் தாமேதான். ஆனால் இந்தத் தாம் அல்ல. சுருட்டை முடியும் காக்கிச் சட்டையுமாக, ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு தெருமுக்கில் ஆரன் அடித்த அந்த டிரைவர். அவனுக்காகத் தூங்காமலிருந்தாள். அவனுக்கு அது தெரியவேயில்லை. தடியன், கதவு திறக்க எத்தனை நேரமாயிற்று என்று எடைபோட்டுக்கொண்டு நின்றான். அவன்மீது ஐகோர்ட்துரைக்குச் சுயம்புவின்மீதுகூட வராத பொறாமை வந்தது. அதற்குள் இன்னொரு கணக்கு, வேண்டாமென்று தள்ளத் தள்ள, முன்னால் வந்து நின்றது. அவன் சொல்லாமல் வந்தான், சொல்லாமல் வந்ததனால் தினமும் மாத்திரை, மாத்திரையினால்... கட்டுரையின் முதல் பத்தி. வெளியே வந்த டாக்டரை அவர் எழுந்து நின்று மறித்தார். "அம்மா, அந்த மாத்திரையாலதான் இது வந்துச்சா? உண்மையைச் சொல்லணும்." டாக்டர் கையுறையைக் கழற்றியபடி, "எந்த மாத்திரை? ஓ, அதுவா. அது எல்லாப் பொம்பளைங்ககிட்டயும் கேட்கிறதுதான் தாத்தா. ஒண்ணு ரெண்டு ஆராய்ச்சியில லேசா சம்பந்தம் இருக்கிற மாதிரி வந்திருக்கு, பலதுல இல்ல. அதுதான் காரணம்னு சொல்ல ஒண்ணுமில்ல. உங்க வீட்டம்மாவுக்கு வெயில்தான் பெரிய காரணமா இருக்கணும். முப்பது வருஷம் உப்பளத்துல! மேல இருந்து அடிக்கிற வெயில் பத்தாதுன்னு உப்புல பட்டுக் கீழ இருந்தும் அடிக்கும். தலையில துண்டு கட்டினா மூக்குக்கு ஏது நிழல்? அகலமா ஒரு தொப்பி போட்டிருந்தாக் கொஞ்சம் தப்பிச்சிருக்கலாம்" என்றாள். எடுத்த சதையை லேபுக்கு அனுப்பியிருப்பதாகவும், ஓரம் சுத்தம் என்று வந்துவிட்டால் இதோடு முடிந்தது என்றும், அடுத்த வாரம் வர வேண்டும் என்றும் அவள் சொன்னதை அவர் கேட்டார். எல்லாம் தூரத்து வானொலிபோலக் கேட்டது. காதுக்கு மிக அருகில், அப்பளம் நொறுங்கினாற்போல, வேறொரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

படியிறங்கும்போது தங்கபுஷ்பம் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலுக்கு வந்தார்கள். கத்திரி வெயில் தொடங்கிய முதல் நாள். ஆட்டோ நிற்கிற இடம் வரைக்கும் தார்ரோடு கண்ணைப் பறித்தது. இவ்வளவு காலமும் எவனோ ஒருவன் தாம் இல்லாத நேரம் பார்த்து அவள் முகத்தைத் தொட்டுவிட்டான் என்று தேடிக்கொண்டிருந்தாரே, அவன் இதோ தலைக்குமேல் நிற்கிறான். தாம் விசாகப்பட்டினத்தில் உருண்டுகொண்டிருந்த பகலெல்லாம், தடுக்க ஓர் ஓலைகூட இல்லாமல், அவள் கன்னத்திலும் மூக்கிலும் உரிமையோடு படுத்துக் கிடந்திருக்கிறான். வழியைத் திறந்துவிட்டது யார்? சுயம்புவுக்கு அந்த வெயிலைத் தடுக்கத் தெரிந்திருந்தது. இந்த எண்ணம் நெஞ்சில் இறங்கியபோது, அதைத் தாங்கிக்கொள்ள ஒரு வழிதான் அவருக்குத் தோன்றியது. மனைவியின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாறி, வெயில் விழுகிற திசையில் நெருங்கி நின்று, தம் நிழல் அவள் கட்டின்மேல் விழும்படி தோளை நிமிர்த்தி நடந்தார். "என்ன, குறுக்க குறுக்க வாறிய? வழிய விடுங்க" என்றாள் அவள். "பேசாம நட" என்றார் அவர். எட்டு நாளைக்குப் பிறகு அவர் அவளிடம் கேள்வியாக அல்லாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான். துணிப்பையை அன்று மாலையே அவிழ்த்து வேட்டிகளைக் கொடியில் போட்டுவிட்டார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. ஓரங்கள் சுத்தம், பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்கள். வெளியே வந்ததும் ஐகோர்ட்துரை, முந்தின நாள் திருச்செந்தூர் வரைக்கும் போய்த் தேடி வாங்கிவந்திருந்த பனையோலைத் தொப்பியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். தங்கபுஷ்பம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருத்துவமனை வாசலில் அத்தனை பேர் பார்க்க, தலையில் வைத்து, நாடாவைத் தாடையில் முடிந்தாள். காயத்தின் சிவந்த வடுமேல் நிழல் விழுந்தது. வடு இருந்த பக்கத்தில் மூக்குத்தி இல்லை, வலப்பக்கம் குத்திப் போடுவதென்று தட்டானிடம் சொல்லி வைத்திருந்தார்கள். "சுயம்பு அண்ணாச்சி குடுத்தது இதைவிட அகலம்" என்றாள். அவர் நின்றுவிட்டார். பழைய பாக்குத் துணுக்கு பழைய இடத்திலேயே உறுத்தியது. "எவ்வளவு அகலம்?" என்றார். அவள் இரு கைகளையும் விரித்துக் காட்டினாள். அவர் அந்த அளவைக் கண்ணாலேயே வாங்கி வைத்துக்கொண்டு, "நாளைக்கு அதைவிட ஒரு சாண் பெருசா வாங்கிட்டு வாறேன்" என்று சொல்லி, வெயிலுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நடந்தார். மேற்படி வழக்கு இவ்வாறாக இருதரப்பும் இசைந்து முடிவுற்றது, சோபகிருது ஆண்டு, சித்திரைத் திங்கள் இருபத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை.